கதவைத் திறக்காதே

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், என் பெண் வாயாடி மூவரும் சுகம். உனக்குச் சளி விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

என்னடா, போன் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று கடிதம் எழுதுகிறாளே என்று பார்க்கிறாயா? போனைக் கொடுத்துவிட்டேன். விற்றேன் என்று சொன்னால் நீ பதறுவாய், அதனால் கொடுத்துவிட்டேன் என்றே வைத்துக்கொள். காகிதத்துக்கு நம் வீட்டில் பஞ்சமே இல்லை. அச்சகத்தில் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லையாம். காகிதம் விலை ஏறி, மை விலை ஏறி, அச்சடிக்க ஒரு ஆளும் வருவதில்லை. முதலாளி உன் அத்தானைக் கூப்பிட்டு, விற்காமல் கிடந்த காலண்டர் கட்டுகளைக் காட்டி, "இதை வித்து சம்பளமா எடுத்துக்கப்பா" என்றாராம். போன வருஷக் காலண்டரை எந்தப் புண்ணியவான் வாங்குவான்? உன் அத்தான்தான் வாயில்லாப் பூச்சியாயிற்றே, அப்படியே தலையில் சுமந்துகொண்டு வந்து வாசலில் நிற்கிறார். கத்து கத்து என்று கத்தினேன். அப்புறம் அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கடிதத்தைத் திருப்பிப் பார், முதுகில் போன வருஷ மார்ச் மாதம் இருக்கும்.

விலைவாசியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பன்னிரண்டு மாதமும் போதாது. கடையில் முட்டை விலை கேட்டேன். பாதி முட்டை கொடுப்பீர்களா என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது.

ஃபிரிட்ஜையும் கொடுத்துவிட்டோம். உள்ளே வைக்கச் சாமான் இருந்தால்தானே? அடுப்படி இப்போது ஓடி விளையாடுகிற அளவுக்கு இருக்கிறது. வாயாடிக்கு இது பள்ளியில் கடைசி வருஷம். படிப்பில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. மாமாவை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேலை செய். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

---

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். சளி விட்டுவிட்டது. அத்தானையும் வாயாடியையும் கேட்டதாகச் சொல்.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அதே வேலைதான். வெளியே வெயில் கொளுத்தும், குளிர்கிடங்குக் கதவைத் திறந்து உள்ளே போனால் மூச்சு புகையாக வரும். உறைந்த மீன் பெட்டிகளை அடுக்க வேண்டும், லாரி வந்தால் இறக்க வேண்டும். இரண்டு கையுறை போட்டும் விரல் மரத்துப்போகிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

அக்கா, நீ ஊர்க் கதையெல்லாம் எழுதிவிட்டு ஃபிரிட்ஜைக் கொடுத்த விஷயத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாய். உன் ஊசி மருந்து எங்கே இருக்கிறது?

அடுப்படியைப் பற்றி நான் கேட்கவில்லை, மருந்தைப் பற்றிக் கேட்கிறேன். சூடு பட்டால் அந்த மருந்து வெறும் தண்ணீர் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து காலையும் மாலையும் ஊசி இல்லாமல் நீ இருந்ததில்லை. அம்மா வேலைக்குப் போன பிறகு உனக்கு ஊசி போட்டுவிட்டவன் நான். என் கை நடுங்கும். "சும்மா குத்துடா, வெடிக்கிறதுக்கு நான் என்ன பலூனா?" என்று நீ திட்டுவாய். எனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்து எழுதாதே.

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு மற்றதை எழுது.

அன்புடன்,
தம்பி

---

பிப்ரவரி 24

என் அருமைத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

அடேயப்பா, என்ன அதிகாரம்! மீசை முளைத்ததிலிருந்தே உனக்கு இந்தத் தோரணைதான். சரி, கேள்விக்குப் பதில். என் மருந்து, தெருமுனை கூல்டிரிங்ஸ் கடையில் ராஜாத்தி மாதிரி இருக்கிறது. கடைக்காரரை நாங்கள் சோடாக்காரர் என்போம், உனக்கு ஞாபகம் இருக்கும். மேல் தட்டில் சோடா பாட்டில்களுக்கு நடுவே ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார். காலையில் அவர் ஷட்டரைத் தூக்கும்போதே நான் போய் நிற்பேன். சாயங்காலமும் அப்படித்தான். நேற்று என்னைப் பார்த்ததும் சிரிக்கிறார்.

"அக்கா, ஒருத்தன் உங்க பாட்டிலைக் காட்டி, அது என்ன ஃபிளேவர்னு கேக்குறான்!"

"ஒரு தடவை குடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. அப்புறம் கேக்கவே மாட்டான்" என்றேன்.

நல்ல மனுஷன். ஆனால் அவருக்கும் கரண்ட் கட்டணம் கழுத்தை நெரிக்கிறது. கடையைச் சாத்தும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போகிறார் என்று நினைக்கிறேன். காலையில் பாட்டில் அவ்வளவு குளிர்ச்சியாக இருப்பதில்லை. அதை நான் கேட்கவில்லை. சும்மா வைத்துக்கொடுப்பவரிடம் என்னவென்று கேட்பது?

அரசு ஆஸ்பத்திரியில் மருந்து வருவதும் குறைந்துவிட்டது. கவுண்டரில் இருக்கிறவளுக்கு ஒரே பாட்டுத்தான்: "அடுத்த வாரம் வாங்க." எந்த வியாதிக்காரன் போனாலும் அடுத்த வாரம்தான் மருந்து. அதனால் இருக்கிற பாட்டிலைக் கொஞ்சம் பார்த்து உபயோகிக்கிறேன். பயப்படாதே, எனக்குத் தெரியாதா என் உடம்பு?

அத்தானுக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. மீதி நாள் எனக்குக் காய் நறுக்கித் தருகிறேன் என்று உயிரை வாங்குகிறார்.

விரலுக்கு எண்ணெய் தடவு.

உன் அக்கா

---

மார்ச் 19

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தை நினைத்தபடி எழுதுகிறேன்.

சோடாக்காரருக்கு என் நன்றியைச் சொல். அவர் கடை மேல்தட்டுக்கு நான் வாடகை கொடுக்கத் தயார். ஆனால் "பார்த்து உபயோகிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. எண்ணெயைப் பார்த்து ஊற்று. சோப்பைப் பார்த்துத் தேய். ஊசியை டாக்டர் சொன்னபடி போடு.

போன வாரம் இங்கே ஒரு களேபரம். ஜெனரேட்டரும் சேர்ந்து பழுதாகி, கிடங்குக்குக் கரண்ட் போய்விட்டது. உள்ளே மலை மலையாக மீன். நான் போய்ப் பார்க்கலாம் என்று கதவுக் கைப்பிடியில் கை வைத்தேன். சூப்பர்வைசர் தூரத்திலிருந்து ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டார். "கதவைத் திறக்காதே! திறக்காமல் இருந்தால் குளிர் எங்கேயும் போகாது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கொஞ்சம் செத்துப்போகும்!" என்று கத்தினார். கரண்ட் வருகிற வரை நாங்கள் எல்லோரும் அந்தக் கதவுக்குக் காவல் இருந்தோம். கடைசியில் ஒரு பெட்டி கூடக் கெடவில்லை. இதுதான் இங்கே முதல் பாடமாம். நீயும் தெரிந்துகொள், சோடாக்காரருக்கும் சொல்லிக்கொடு.

நல்ல செய்தி ஒன்று. ஆகஸ்டில் என் ஒப்பந்தம் முடிகிறது. நேரே வீட்டுக்கு வருவேன். உனக்கு ஊசி போட்டுவிடுவேன், இப்போது கை நடுங்காது.

வாயாடியை நன்றாகப் படிக்கச் சொல்.

தம்பி

---

மே 2

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா?

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. அச்சகத்தை மூடிவிட்டார்கள். பெரிய பூட்டு, பக்கத்தில் ஒரு நோட்டீஸ். அந்த நோட்டீஸையும் அத்தானை வைத்துத்தான் அச்சடித்தார்களாம்! கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. "எழுத்து நேரா விழுந்திருந்துச்சு" என்கிறார் அவர். இந்த மனுஷனை என்ன சொல்ல? இப்போது சந்தையில் மூட்டை தூக்கப் போகிறார். மெஷினுக்கு முன்னால் நின்று பழகிய முதுகு. சாயங்காலம் வந்தால் நிமிர முடியவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன்.

சோடாக்காரரும் கடையை மூடிவிட்டார். கடைசி நாள் என் டப்பாவை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்து, "மன்னிச்சுக்கங்கக்கா" என்றார். அவருக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மருந்துக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டேன். சட்டியில் ஈர மணல் போட்டு, டப்பாவைப் புதைத்து, ஈரத்துணி சுற்றி மூலையில் வைத்திருக்கிறேன். தொட்டால் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

மின்சார ஆபீஸ் ஆள் வந்து நம் வாசல் கம்பத்தில் ஏறினான். ஏதோ வேலையாம். அதனால் வாயாடி சாயங்காலம் தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். அங்கே காற்று நன்றாக வருகிறதாம்.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். ஒரு குடத்துத் தண்ணீரை நான் ஒருத்தியே குடித்துத் தீர்க்கிறேன். இளைத்தும் விட்டேன். பழைய சட்டையெல்லாம் தொளதொள என்று தொங்குகிறது. "அம்மா, மறுபடியும் கல்யாணத்துக்கு ரெடியா?" என்று கிண்டல் செய்கிறாள் உன் மருமகள்.

எதுவும் அனுப்பாதே. ஆகஸ்டில் நீ வந்தால் போதும்.

உன் அக்கா

---

மே 20

அக்கா,

நலம். நலமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது.

மணல் சட்டியா? நான் இங்கே மீனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன், என் அக்கா மருந்தை மணலில் புதைக்கிறாள்! கடிதத்தைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை. தண்ணீர் தாகமும் இளைப்பும் எதனால் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெயில் மேல் பழி போடாதே.

என்னோடு தங்கியிருக்கும் லாரிக்காரருடைய மச்சான் நம் ஊரில் ஃபிரிட்ஜ் கடை வைத்திருக்கிறார். அவரிடம் பேசிவிட்டேன். புது ஃபிரிட்ஜ் ஒன்று வீட்டுக்கே வரும். எப்படி வாங்கினாய், எதற்கு வாங்கினாய் என்று கேட்காதே, வாங்கிவிட்டேன். வந்த உடனே மருந்தை உள்ளே வை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புதுப் பாட்டில் கேள், கொடுக்கிற வரை அங்கேயே உட்கார்ந்திரு. நீ வாயைத் திறந்தால் கொடுக்காமல் யார் இருப்பார்கள்?

தம்பி

---

ஜூன் 22

என் தங்கத் தம்பிக்கு,

சுகம், பரம சுகம். நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

வந்துவிட்டது! இரண்டு ஆட்கள் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு தூக்கி வந்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர் வீட்டுக்காரி, "யார் வாங்கிக் குடுத்தது?" என்றாள். "என் தம்பி" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அழுதுவிட்டேன்டா. வெள்ளை நிறம், கதவில் வெள்ளிப் பிடி. அடுப்படிக்கே ஒரு களை வந்துவிட்டது.

"பிளக் எங்கேக்கா?" என்று கேட்டான் ஒருவன். "வீட்டுக்காரர் வந்து போடுவாரு. நீங்க வெச்சிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டேன். கரண்ட் இங்கே முன்போல் இல்லை, கொஞ்சம் சிரமம்தான். ஆனால் உன் பாடத்தை நான் மறக்கவில்லை. அத்தான் மீன் சந்தையிலிருந்து சாக்கில் சுற்றி ஐஸ் கட்டி கொண்டு வருகிறார். கிடைக்கிற நாளில் அதை உள்ளே வைத்து, பக்கத்தில் மருந்தை வைத்து, கதவைச் சாத்திவிடுகிறேன். அப்புறம் யாரும் கிட்டே போகக் கூடாது. உன் சூப்பர்வைசர் தோற்றார் போ! வாயாடி கை வைத்தால் போதும், "திறக்காதே, குளிர் செத்துப்போகும்!" என்று கத்துகிறேன். நானும் காலையில் ஒரே ஒரு தடவைதான் திறக்கிறேன்.

ஆகஸ்ட் வந்துவிடும். வரும்போது எதுவும் வாங்கி வராதே. உன்னைப் பார்த்தால் போதும். வாய் கொஞ்சம் கசக்கிறது, அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

உன் அக்கா

(உள்ளே மடித்து வைத்த ஒரு துண்டுக் காகிதம்)

மாமா, நான் எழுதுகிறேன். உறையை ஒட்டும்போது அம்மாவுக்குத் தெரியாமல் இதை வைக்கிறேன். அம்மா எழுதியிருப்பது போல் "கொஞ்சம் சிரமம்" இல்லை. பணம் கட்டவில்லை என்று ஏப்ரலிலேயே நம் வீட்டுக் கரண்டை வெட்டிவிட்டார்கள். ஃபிரிட்ஜை விற்றுக் கரண்ட் பாக்கியைக் கட்டலாம் என்றார் அப்பா. "என் தம்பி குடுத்ததை விக்கிறதுக்கு நீங்க யாரு?" என்று அம்மா சண்டை போட்டாள். விற்றாலும் வாங்க ஆள் இல்லை மாமா, தெருவில் பாதி வீட்டு ஃபிரிட்ஜ் விற்பனைக்கு நிற்கிறது.

சாயங்கால ஊசியை நிறுத்திவிட்டாள். கேட்டால், இரண்டு தடவை கதவைத் திறந்தால் குளிர் போய்விடும் என்கிறாள். நீங்கள்தான் சொன்னீர்களாம். நீங்களே அவளுக்கு எழுதுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

---

ஜூலை 11

அக்கா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. வாயாடியைத் திட்டாதே, அவள் எழுதியதும் கிடைத்தது.

கதவைத் திற. எத்தனை தடவை வேண்டுமானாலும் திற. இங்கே உள்ளே ஏற்கெனவே பனி உறைந்த குளிர் இருந்தது, அதைத்தான் கதவு காத்தது. உன் ஃபிரிட்ஜில் காக்க என்ன இருக்கிறது? கதவு குளிரை உண்டாக்காது அக்கா. இதை நான் அன்றே எழுதியிருக்க வேண்டும். வேடிக்கையாக எழுதினேன். நீ இப்படிப் பிடித்துக்கொள்வாய் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அந்தப் பாட்டிலை நம்பாதே. இன்றே அத்தானைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. வாய் கசக்கிறது என்றால் அது சாதாரணம் இல்லை. ஃபிரிட்ஜைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடு, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அச்சகத்து நம்பருக்குப் போன் போட்டேன், மணியே அடிக்கவில்லை. சோடாக்காரர் நம்பரும் அப்படித்தான். ஃபிரிட்ஜ் கடைக்காரரிடம் கெஞ்சியிருக்கிறேன், ஆள் அனுப்புகிறேன் என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் நான் வர முடியாது. அந்த ஃபிரிட்ஜுக்காக முன்பணம் வாங்கி, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாஸ்போர்ட் மேனேஜர் அலமாரியில் இருக்கிறது. போய்க் கேட்டேன், சிரிக்கிறார்.

அக்கா, உடனே போ.

தம்பி

---

ஜூலை 30

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுகிறேன். எழுத்தெல்லாம் அச்சுக் கோத்துத்தான் எனக்குப் பழக்கம், கையால் எழுதிப் பழக்கமில்லை. எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்க வேண்டும். வரவில்லை.

உன் அக்கா போய்விட்டாள்.

முதல் நாள் சாயங்காலமே வாந்தி. காலையில் மூச்சு வேக வேகமாக வாங்கியது. ஆட்டோ எதிலும் பெட்ரோல் இல்லை. சந்தையிலிருந்து தள்ளுவண்டியை எடுத்து வந்து, அதில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். வழியில்கூட, "மூட்டை தூக்கிப் பழகினது நல்லதாப் போச்சு பாத்தீங்களா" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. ஆஸ்பத்திரியில் வாயாடி பாட்டிலை எடுத்துக் காட்டினாள். டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது கெட்டுப்போய் நாளாச்சேம்மா" என்றார். அவள் பார்த்துப் பார்த்துச் செலவழித்ததில் பாட்டிலில் இன்னும் மருந்து மீதி இருந்தது.

அதற்குச் சில நாள் முன்பு ஃபிரிட்ஜ் கடையிலிருந்து ஒரு பையன் வந்தான். "ஃபிரிட்ஜ்ல ஏதோ பிரச்சனையாமே?" என்று கேட்டான். உனக்குத் தெரியுமே அவளை. "ஒரு பிரச்சனையும் இல்ல, தங்கமா ஓடுது" என்று சொல்லி அவளே அனுப்பிவிட்டாள். உன் கடிதம், அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றுதான் வந்தது. வாயாடிதான் பிரித்துப் படித்தாள். எனக்குப் படித்துக் காட்டவில்லை. நானே அப்புறம் எடுத்துப் படித்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்மேல்தான். அந்த ஃபிரிட்ஜை விற்றிருக்க வேண்டும். அவள் திட்டியிருப்பாள், திட்டட்டுமே. இத்தனை வருஷம் வாங்காத திட்டா? அவள் உன் பெயரைச் சொல்லி அதைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். எனக்கு மனசு வரவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு வெயிலில் தாகம். "தம்பி வாங்கிக் குடுத்த ஃபிரிட்ஜாமே, ஜில்லுன்னு கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார்கள். ஒருவர் எழுந்து போய்க் கதவில் கை வைத்தார். வாயாடி ஓடிப்போய்க் குறுக்கே நின்றுவிட்டாள். "திறக்காதீங்க" என்று கத்தினாள். குரல் அப்படியே அவள் அம்மா குரல். பாட்டிலை மறுபடி உள்ளேதான் வைத்திருக்கிறாள். அன்றிலிருந்து அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துத்தான் உட்காருகிறாள். "உள்ள ஒண்ணும் இல்லடா கண்ணு" என்றால், "தெரியும்ப்பா, இருந்தாலும் திறக்காதீங்க" என்கிறாள். பரீட்சையில் பாஸாகியிருக்கிறாள். அதைச் சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை, பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

என்ன செய்வது என்று எழுது. நீ சொன்னால் கேட்பாள்.

அத்தான்

---

ஆகஸ்ட் 18

வாயாடிக்கு,

மாமா எழுதுகிறேன். லீவு கேட்டேன், தரவில்லை. கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

திறக்காதே என்று உன் அம்மாவுக்கு எழுதியவன் நான். அதனால் நானே சொல்கிறேன், கதவைத் திற கண்ணு. திறந்தே வை. அரிசி இருந்தால் அதில் கொட்டி வை, எலி தொடாது.

பாட்டிலை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதே. இரண்டு வருஷம் எனக்காக எடுத்து வை. நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

மாமா